மீற்றர் அணைந்தாலும் அது துண்டிப்புத்தான்

எரிசக்தி விற்பனையை ஒழுங்குபடுத்தும் அலுவலகத்தின் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை அதிகாரி அவர்களுக்கு,



பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வாசிக்கும் ஒரு சஞ்சிகையின் ஆசிரிய பீடத்திலிருந்து இந்த மடலை எழுதுகிறோம். கரண்ட் பில், காஸ் பில் பற்றிய முறைப்பாடுகள் தங்கள் அலுவலகத்துக்குக் குறைவின்றி வரும் என்பதை அறிவோம். விலை கூடிவிட்டது என்று இன்னொரு தடவை சொல்வதற்காக நாங்கள் எழுதவில்லை. உலகச் சந்தையில் எரிவாயு என்ன விலைக்குப் போகும் என்பதைத் தாங்கள் தீர்மானிப்பதில்லை. மானியம் கொடுப்பதும் வரியைக் குறைப்பதும் அரசாங்கத்தின் வேலை. ஆனால் இந்த நாட்டில் வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் எந்த நிறுவனமும் தங்கள் அலுவலகம் தரும் உரிமத்தின் பேரில்தான் விற்கிறது. அந்த உரிமத்துக்கு நிபந்தனை எழுதுவதும், எழுதியதைத் திருத்துவதும், மீறிய நிறுவனத்துக்குத் தண்டம் விதிப்பதும் தங்கள் கையில் இருக்கின்றன. நாங்கள் கேட்கப்போகும் எல்லாமே அந்த நிபந்தனைகளுக்குள் அடங்கிவிடும்.

உரிமத்தில் குளிர்காலத்துக்கென்றே ஒரு நிபந்தனை ஏற்கெனவே உண்டு. ஓய்வூதிய வயதில் இருக்கும் ஒருவர் தனியாகவோ, தம்மைப் போன்ற முதியவர்களோடு மட்டுமோ, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு மட்டுமோ வாழ்ந்தால், ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை அவருடைய இணைப்பைக் கடனுக்காகத் துண்டிக்கக் கூடாது என்பது அது. பில் கட்டாமல் இருக்கலாம், நினைவூட்டல் கடிதங்கள் குவிந்து கிடக்கலாம்; குளிர்காலம் முடியும்வரை அவர் வீட்டில் வெளிச்சமும் வெப்பமும் இருக்க வேண்டும் என்று தங்கள் விதி சொல்கிறது. மனிதத்தன்மையுள்ள விதி. அதை எழுதியவர்களுக்கு ஜனவரி மாதத்து இரவு எப்படியிருக்கும் என்று தெரிந்திருந்தது.

அதே முதியவரின் சுவரில் முற்பணம் கட்டும் மீற்றர் இருந்தால் நிலைமை வேறு. ஜனவரியில் ஒரு பகல் நேரம், கடையில் மீற்றர் கீயில் ஏற்றிய காசு தீர்கிறது. அவசரக் கடனாகக் கிடைக்கும் சில பவுண்களும் தீர்கின்றன. மீற்றர் அணைகிறது. வீடு இருள்கிறது, குளிர்கிறது. நிறுவனம் எதையும் துண்டிக்கவில்லை என்பதால் குளிர்கால விதி மீறப்படவில்லை. கடனுக்காக நிறுவனமே வந்து இணைப்பைத் துண்டிப்பது இன்று மிக அரிது. துண்டிப்புப் புள்ளிவிவரத்தைப் பார்க்கும் எவருக்கும் இந்த நாட்டில் குளிரில் எவரும் கைவிடப்படவில்லை என்றே தோன்றும். முற்பண மீற்றருடன் வாழும் சுமார் 40 இலட்சம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. கடனைக் கட்ட இயலாதவருக்குக் கொடுத்த பாதுகாப்பு, முன்கூட்டியே காசு கட்ட இயலாதவருக்கு ஏன் இல்லை என்பதுதான் தங்களிடம் நாங்கள் கேட்கும் முதற்கேள்வி. பின்வரும் எல்லாக் கோரிக்கைகளும் அதிலிருந்தே பிறக்கின்றன.

இந்தக் கேள்வி எங்கள் வாசகர்களுக்கு நெருக்கமானது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஈஸ்ற்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் வெம்பிளியிலும் குறொய்டனிலும், லெஸ்ரர், கொவென்றி போன்ற ஊர்களிலும், மீற்றர் கீயையும் காட்டையும் கொண்டுவந்து காசு ஏற்றும் கடைகளில் பலவற்றை நடத்துபவர்கள் எங்கள் மக்கள். பலசரக்குக் கடையானாலும் ஓஃப்லைசன்ஸ் ஆனாலும் பெற்றோல் நிலையமானாலும், காசு ஏற்றும் அந்தச் சிறு இயந்திரம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே எங்கள் வாசகர்களில் சிலர் கல்லாவுக்கு உள்ளே நிற்கிறார்கள், சிலர் வெளியே கீயை நீட்டி நிற்கிறார்கள். உள்ளே நிற்பவருக்குத் தெரியும்: மாதத் தொடக்கத்தில் 20 பவுண் போட்டவர் மாதக் கடைசியில் 5 பவுண் போடுவார், 5 பவுணையும் சில்லறையாக எண்ணிக் கொடுப்பார், ஒரு கையில் பாலும் பாணும் எடுத்து வந்தவர் மீற்றருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலுமாரியில் வைப்பார். இதைப் பார்ப்பதற்குக் கடைக்காரருக்கு எந்த ஆய்வறிக்கையும் தேவைப்படவில்லை.

அந்த 5 பவுணும் 10 பவுணும் வீட்டுக்குள் போனதும் என்ன ஆகின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஒரு அம்மாவுக்கு ஒரு கிழமை காசுத் தட்டுப்பாடு. மின்சார மீற்றர் அவசரக் கடனில் 5 பவுணைத் தின்று தீர்த்துவிட்டது. மூன்று நாள் வெறுமனே கிடந்தது. பழைய கடனுக்கு வாரம் 2 பவுண் கழிப்பதென்று ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த அம்மா 10 பவுண் ஏற்றிக்கொண்டு வருகிறார். முதலில் அவசரக் கடன் 5 பவுண் போகிறது. வாரத் தவணை 2 பவுண் போகிறது. வெளிச்சமே இல்லாமல் கிடந்த மூன்று நாளுக்கும் நாட்கட்டணம், 2025 ஒக்டோபர் காலாண்டின் சராசரிப்படி நாளுக்கு ஏறத்தாழ 54 பென்ஸ், போகிறது. மிச்சம் ஒன்றரைப் பவுண்கூட இல்லை. அதே காலாண்டில் ஒரு யூனிற் மின்சாரம் 26 பென்சுக்கு மேல். இரண்டு கிலோவாட் ஹீற்றர் ஒன்றை அந்தக் காசில் மூன்று மணி நேரம் எரிக்க முடியாது. 10 பவுணைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பாவிக்காத நாளுக்கும் விழும் அந்த நாட்கட்டணத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் மின்சாரத்துக்கான நாட்கட்டணம் திடீரென்று எகிறியது ஏன் என்பது தங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மின்கம்பி வலைப்பின்னலின் செலவில் ஒரு பங்கு யூனிற் விலையிலிருந்து நாட்கட்டணத்துக்கு மாற்றப்பட்டது. 2021 நடுப்பகுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த ஏறத்தாழ 30 விற்பனை நிறுவனங்களின் வாடிக்கையாளர்களைப் பிற நிறுவனங்கள் ஏற்றதால் வந்த செலவும் அதில் சேர்க்கப்பட்டது. அந்தச் செலவு 2.7 பில்லியன் பவுண் என்றும், ஒரு வீட்டுக்குச் சுமார் 94 பவுண் என்றும் 2022இல் தேசியக் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது. போதிய மூலதனம் இல்லாமல் சந்தைக்குள் வந்து சரிந்த நிறுவனங்களின் சுமையை, ஒரு விளக்கோடு ஒற்றை அறையில் இருப்பவரும் பத்து அறை மாளிகையில் இருப்பவரும் ஒரே அளவில் சுமந்தார்கள். நாட்கட்டணம் இடத்துக்கு இடமும் மாறுகிறது: மின்சாரத்துக்கு லண்டனில் குறைவு, வட வேல்ஸ், மேர்சிசைட் பக்கத்தில் மிகக் கூட. லிவர்பூலில் வாழும் ஏழை லண்டனில் வாழும் ஏழையைவிட ஒவ்வொரு நாளும் கூடுதலாகக் கட்டுவதற்கு அவர் செய்த தவறு எதுவும் இல்லை.

எரிவாயு மீற்றரில் இந்த நாட்கட்டணம் செய்யும் வேலை இன்னும் கொடுமை. கோடை வந்ததும் பொயிலரை நிறுத்திவிடுகிறார்கள். குளிப்பதற்கு மின்சாரத்தில் தண்ணீர் சுட வைக்கும் வீடுகளில் பல மாதங்கள் காஸ் தேவைப்படுவதேயில்லை. காஸ் மீற்றர் காட்டில் காசு போடாமல் விடுகிறார்கள். 2025 ஒக்டோபர் காலாண்டின் சராசரியான நாளுக்கு 34 பென்ஸ் என்ற கணக்கில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை 60 பவுணுக்கு மேல் அந்த மீற்றரில் கடனாக ஏறி நிற்கிறது. ஒக்டோபரில் முதற்குளிர் அடிக்கிறது. ஹீற்றிங் போடலாம் என்று 20 பவுண் ஏற்றிக்கொண்டு வந்து காட்டைச் செருகுகிறார்கள். பெருந்தொகை கோடையின் கடனுக்கே போய்விடுகிறது. ஒரு துளி காஸும் எரிக்காத மாதங்களுக்காக, காஸ் மிகத் தேவைப்படும் மாதத்தில் காசு பிடிக்கப்படுகிறது. வாசகர்கள் பலர் எங்களுக்கு எழுதும்போது இதை மீற்றர் பழுது என்றே எண்ணிக்கொள்கிறார்கள். பழுது இல்லை, கட்டண முறையே இப்படித்தான் என்று பதில் எழுதுவது எங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

நாட்கட்டணம் குறித்துத் தங்கள் அலுவலகம் 2023 நவம்பரில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது 30,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. ஒரு ஒழுங்குமுறை அலுவலகத்தின் கேள்விக்கு இத்தனை சாதாரண மக்கள் பதில் எழுதியது அபூர்வம். நாட்கட்டணம் குறைந்து யூனிற் விலை கூடிய ஒரு கட்டணத் திட்டத்தையாவது நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று தாங்கள் 2025இல் முன்வைத்த யோசனையையும் கவனித்தோம். அதை வரவேற்கிறோம், ஆனால் அது போதாது. தெரிவு என்று வரும்போது தெரிந்தவர்தான் தெரிவு செய்வார். இணையத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கு அது உதவும். ஒக்சிஜன் இயந்திரமோ மின் சக்கர நாற்காலியோ ஓட வேண்டியதால் மின்சாரத்தைக் கூடுதலாகப் பாவிக்க வேண்டிய வீட்டை அது பாதிக்கவும் கூடும். ஆகவே எங்கள் கோரிக்கை எளிமையானது: முற்பண மீற்றரில் எரிவாயு பாவிக்கப்படாத மாதங்களின் நாட்கட்டணத்தைக் குளிர்காலத்தில் ஏற்றும் காசிலிருந்து பிடிப்பதைத் தடை செய்யுங்கள். அதை நிறுவனம் தள்ளுபடி செய்யலாம். அல்லது அடுத்த ஏப்ரலுக்குப் பிறகு சிறு தவணைகளாக எடுக்கலாம். ஒக்டோபரில் போடும் 20 பவுண் ஒக்டோபரின் வெப்பத்துக்கே போகட்டும்.

அதே குளிர்கால ஆறு மாதங்களுக்குப் பழைய கடன் தவணையையும் நிறுத்தி வைக்குமாறு வேண்டுகிறோம். எல்லாருக்கும் இயலாதென்றால், கூடுதல் உதவி தேவைப்படுவோருக்காக நிறுவனங்கள் வைத்திருக்கும் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் பெயர் உள்ள முற்பண மீற்றர் வாடிக்கையாளர்களுக்காவது. வீடுகள் எரிசக்தி நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய மொத்தக் கடனும் நிலுவையும் 2025இல் 4 பில்லியன் பவுணைத் தாண்டிவிட்டன என்பது தங்கள் புள்ளிவிவரங்களிலேயே உண்டு. அதில் ஒரு பங்கு, விலை வானத்தைத் தொட்ட 2022, 2023 குளிர்காலங்களில் முளைத்தது. அந்த நெருக்கடிக் காலத்துக் கடனைத் தள்ளுபடி செய்வதற்கான ஒரு திட்டத்தைத் தாங்களே பரிசீலனைக்கு எடுத்தீர்கள். அது நியாயமான சிந்தனை. மக்கள் ஊதாரித்தனமாகச் செலவழித்ததால் இந்தக் கடன் வரவில்லை என்பதை ஏற்றுக்கொண்ட பிறகு, அதையே ஜனவரி மாதத்தில் வாரம் தவறாமல் மீற்றர் வழியாகப் பிடிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

சில வாசகர்கள் கேட்கலாம்: விலைதான் இறங்கிவிட்டதே என்று. வழக்கமான அளவில் பாவிக்கும் ஒரு வீட்டுக்கு, தங்கள் அலுவலகம் நிர்ணயிக்கும் விலை உச்சவரம்பின்படி ஆண்டுச் செலவு 2021 ஒக்டோபரில் 1,277 பவுண். 2025 ஒக்டோபரில் 1,755 பவுண். உச்சத்திலிருந்து இறங்கியது உண்மைதான். நெருக்கடிக்கு முன் நின்ற இடத்துக்கு அது திரும்பவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உச்சவரம்பு என்ற சொல்லைக் கேட்டு, பில் அந்தத் தொகைக்கு மேல் வராது என்று நம்பி ஹீற்றிங்கைப் போட்ட வாசகர்கள் எங்களிடம் உண்டு. வரம்பு யூனிற் விலைக்கும் நாட்கட்டணத்துக்கும்தான், பில்லுக்கு இல்லை என்பதை ஒவ்வொரு காலாண்டு அறிவிப்பிலும் தலைப்பிலேயே சொல்லும்படி தங்கள் ஊடகப் பிரிவுக்கு ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

அடுத்து, மீற்றர் அணையும் கணத்தைப் பற்றி. ஸ்மார்ட் மீற்றரில் காசு தீர்ந்து இணைப்பு நின்றால் அது நிறுவனத்தின் கணினிக்குத் தெரிந்துவிடுகிறது. மீற்றர் அணைவதைக் கண்டறிவதற்கு நிறுவனங்கள் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்றும், அவசரக் கடன், இரவிலும் வார இறுதியிலும் இணைப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கடன், தேவைப்படுவோருக்கு மேலதிக உதவிக் கடன் ஆகியவற்றை வழங்க வேண்டும் என்றும் 2020 டிசெம்பரிலிருந்து தங்கள் நிபந்தனை சொல்கிறது. நல்ல அடித்தளம். ஆனால் நியாயமான முயற்சி என்றால் எத்தனை மணி நேரத்துக்குள்? எந்த வழியில்? யாரோடு பேசுவது? இவற்றை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டால், மூன்றாம் நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியதும் முயற்சி முடிந்துவிட்டதாகக் கணக்கில் எழுதப்படும்.

கைபேசிக்கும் கரண்ட் வேண்டும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பொயிலருக்கும் கரண்ட் வேண்டும். காஸ் மீற்றரில் போதிய காசு இருந்தாலும் மின்சார மீற்றர் அணைந்தால் ஹீற்றிங் நின்றுவிடும். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இன்சுலின் கெடும். மருத்துவரைக் கூப்பிட வேண்டிய தொலைபேசி செத்துப்போகும். ஆகவே குளிர்கால ஆறு மாதங்களிலும், பதிவேட்டில் உள்ள ஒருவரின் ஸ்மார்ட் முற்பண மீற்றர் அணைந்தால், சில மணி நேரத்துக்குள் நிறுவனம் தானாகவே மேலதிகக் கடனை மீற்றரில் ஏற்றிவிட்டு, பிறகு தொடர்புகொள்ளட்டும். வெளிச்சம் முதலில் வரட்டும், விசாரணை அடுத்த நாள் நடக்கட்டும். ஒரு நாளுக்கு மேல் அணைந்து கிடக்கும் மீற்றரை நிறுவனம் செய்த துண்டிப்பாகவே கருதி, குளிர்கால விதியை அதற்கும் பொருத்துங்கள். இதுதான் இந்த மடலின் மையக் கோரிக்கை.

இனி மொழி. அதற்கு, தாங்கள் ஏற்கெனவே எழுதிய ஒரு விதியிலிருந்து தொடங்குகிறோம். 2023 பெப்ரவரியில் ஒரு நாளிதழின் நிருபர் கடன் வசூலிப்போருடன் கூடச் சென்று, பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகுந்து முற்பண மீற்றர் பொருத்தும் வழக்கத்தை வெளியே கொண்டுவந்தார். கைக்குழந்தை உள்ள வீடு, நோயாளி உள்ள வீடு என்ற பேதம் பார்க்கப்படவில்லை. அதற்கான நீதிமன்ற ஆணைகள் கட்டுக்கட்டாக வழங்கப்பட்டு வந்ததும் தெரியவந்தது. தாங்கள் உடனடியாக அதை நிறுத்தச் சொன்னீர்கள். அந்த நவம்பரில் உரிம நிபந்தனையாகவே புதிய விதிகள் வந்தன. வீட்டில் துணையற்ற, 75 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் கட்டாயமாக இந்த மீற்றரைப் பொருத்தக் கூடாது. பிறருக்கும் பொருத்துவதற்கு முன் குறைந்தது 10 தடவை தொடர்புகொள்ள முயல வேண்டும். தங்கள் அலுவலகம் தீர்மானித்தால் சில மாதங்களுக்குள் ஒரு தொழில்துறையின் நடத்தையையே மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் அந்தப் பத்து முயற்சிகளும் எந்த மொழியில்? ஆங்கிலத்தில் ஒரு கடிதம், ஆங்கிலத்தில் இன்னொரு கடிதம், சிவப்பு எழுத்தில் மூன்றாவது, பிறகு பதிவு செய்யப்பட்ட ஆங்கிலக் குரல். யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ பிள்ளைகளின் பின்னால் முதிய வயதில் வந்து சேர்ந்த ஒரு அம்மாவுக்குப் பத்தும் ஒன்றும் சமம், ஒன்றும் வராததும் சமம். கடிதத்தை எடுத்து மேசையில் வைப்பார், மகன் வந்ததும் காட்டலாம் என்று. மகன் இரண்டு வேலை முடித்து நள்ளிரவில் வருவார். பல வீடுகளில் நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசுவது பாடசாலைப் பிள்ளைதான். அம்மம்மாவின் கடன் எவ்வளவு, அப்பாவின் வருமானம் எவ்வளவு, ஏன் கட்டவில்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் பத்து, பன்னிரண்டு வயதில் பதில் சொல்லும் பிள்ளைகள் எங்கள் சமூகத்தில் இருக்கிறார்கள். எந்தப் பெற்றோரும் விரும்பி அந்தப் பொறுப்பைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதில்லை.

முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில், ஆங்கிலம் பேசவோ வாசிக்கவோ சிரமப்படுபவர்களும் சேரலாம் என்று தங்கள் வழிகாட்டலே சொல்கிறது. அந்தப் பதிவில் மொழி குறிக்கப்பட்டிருந்தால், பத்து முயற்சிகளில் இரண்டாவது அந்த மொழியில், உயிருள்ள ஒரு மனிதரின் குரலில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்படி நடக்காவிட்டால் அந்தப் பத்தும் முயற்சியாகக் கணக்கிடப்படாது என்றும் சேர்த்துவிடுங்கள். மருத்துவமனைகளும் நீதிமன்றங்களும் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை அழைத்து நாள்தோறும் வேலை செய்கின்றன. கோடிக்கணக்கில் வருவாய் ஈட்டும் எரிசக்தி நிறுவனங்களுக்கும் அது இயலும்.

வதிவிட உரிமை இன்னும் நிரந்தரமாகாதவர்களின் நிலைமையையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பொது நிதி பெறக் கூடாது என்ற நிபந்தனையோடு விசா உள்ள குடும்பங்களுக்கு, வருமான அடிப்படையிலான அரச உதவிகளோடு பிணைந்த 150 பவுண் குளிர்காலக் கழிவு கிடைப்பதில்லை. அது அரசாங்கத்தின் முடிவு. ஆனால் நிறுவனம் தன் காசிலிருந்து மீற்றரில் ஏற்றும் உதவிக் கடன் பொது நிதி ஆகாது. இது தெரியாமல், கேட்டால் விசாவுக்குப் பாதகம் வந்துவிடுமோ என்று பயந்து, குழந்தைகளுக்கு ஜக்கெற் போட்டு வீட்டுக்குள் இருத்தி வைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். உதவிக் கடனைக் கேட்பதற்கும் குடிவரவு நிலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்ற ஒரு வாக்கியத்தை நிறுவனங்கள் தம் கடிதங்களில் அச்சிட வேண்டும் என்று தாங்கள் பணிக்கலாம். ஒரு சதமும் செலவில்லாத திருத்தம் இது.

அறை வாடகைக்கு இருப்பவர்கள் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்காரர் தாம் கட்டிய விலைக்கு மேல் மின்சாரத்தை வாடகைக்காரருக்கு விற்கக் கூடாது என்ற விதி 2003இலிருந்து இருக்கிறது. மீறினால் வாடகைக்காரர்தான் நீதிமன்றம் போக வேண்டும். வெளியேற்றப்படும் பயத்தில் வாழும் ஒருவர் வீட்டுக்காரர்மேல் வழக்குப் போடுவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. கடைக்கு மேலே உள்ள சில வீடுகளில் கரண்ட் கடையின் வணிக ஒப்பந்தத்தில் வருவதால் உச்சவரம்பின் பாதுகாப்பே கிடையாது. இவர்கள் முறையிடுவதற்கு ஒரு கதவையாவது தங்கள் அலுவலகம் திறக்க வேண்டும்.

வீட்டின் வெப்பம் 18 பாகைக்குக் கீழே இறங்காமல் இருப்பது பெரும்பாலானோரின் உடல்நலத்துக்குப் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியது. யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனி என்று சொல்லிப் போர்த்திக்கொள்ளும் விடியலில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழே வருவதில்லை. அந்த மண்ணில் அறுபது ஆண்டு வாழ்ந்துவிட்டு வந்த உடல்கள் இங்கே 12, 13 பாகையில் இரவைக் கழிக்கின்றன. ஹீற்றிங் போடாத வீட்டில் சோறு வடித்த ஆவியும் உள்ளே காயும் உடுப்பின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிகின்றன. மூலைகளில் பூஞ்சணம் கறுப்பாய்ப் படர்கிறது. குழந்தைகளுக்கு இழுப்பு வருகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், உங்கள் சமையல்தான் காரணம் என்கிறார். றொச்டேலில் பூஞ்சணம் படர்ந்த வீட்டில் வாழ்ந்து 2020 டிசெம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெற்றோருக்கும், அவர்களின் வாழ்க்கை முறையே காரணம் என்றுதான் சொல்லப்பட்டது. அந்தக் குழந்தையின் பெயரால் வாடகை வீடுகளுக்கு ஒரு சட்டமே வந்துவிட்டது. வீட்டைத் திருத்துவது தங்கள் துறையின் வேலை இல்லை. அந்தச் சுவர் காய்வதற்கு வேண்டிய வெப்பம் தங்கள் துறையைச் சேர்ந்தது.

இவற்றுக்கெல்லாம் செலவு யார் தலையில் விழும் என்று நிறுவனங்கள் தங்களிடம் கேட்கும். பிற வாடிக்கையாளர்களின் பில்லில்தான் ஏறும், அவர்களிலும் ஏழைகள் உண்டு என்று சொல்லும். அது பொய்யான வாதம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வராக்கடனின் செலவு இப்போதே உச்சவரம்புக்குள் கணக்கிடப்பட்டு எல்லார் பில்லிலும் இருக்கிறது. குளிர்காலத்தில் தவணையை நிறுத்தி ஏப்ரலில் தொடர்வதால் கடன் அழியாது, தள்ளிப்போகும். சரிந்த நிறுவனங்களின் 2.7 பில்லியன் பவுணை நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் பகிர்ந்துவிட ஒரு வழி கண்ட அலுவலகத்துக்கு, இருளில் இருக்கும் வீடுகளுக்கு இரண்டு நாள் வெளிச்சம் கொடுக்கும் செலவைப் பகிர்ந்துவிட வழி காண்பது பெரிய காரியமாக இராது என்று நம்புகிறோம்.

கணக்கு ஒழுங்காக வந்துவிட்டால் உதவி உரியவரைச் சேர்ந்துவிடும் என்று நினைப்பதும் ஆபத்து. 2022-23 குளிர்காலத்தில் அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண் கொடுத்தது. வங்கியிலிருந்து மாதாமாதம் பில் கட்டுபவர்களுக்கு அது தானாகவே கழிந்தது. பழைய முற்பண மீற்றர் உள்ளவர்களுக்கு மாதம் ஒரு வவுச்சராகத் தபாலிலோ குறுஞ்செய்தியிலோ வந்தது. அவர்கள் அதைக் கடைக்கோ தபாலகத்துக்கோ கொண்டுபோய் மாற்ற வேண்டியிருந்தது. இலட்சக்கணக்கான வவுச்சர்கள் மாற்றப்படாமலே காலாவதியாயின. மிகத் தேவைப்பட்டவர்களுக்கே மிகச் சிரமமான வழி வைக்கப்பட்டது. தானாக நடக்கும்படி விதி எழுதுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான்.

தங்களோடு சேர்ந்து இதை வாசிக்கும் எங்கள் வாசகர்களுக்கும் ஒரு சொல். முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் சேர்வதற்குக் காசு இல்லை. முதியவர், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர், நோயாளி, ஆங்கிலம் சிரமமானவர் எவரும் தம் நிறுவனத்தை அழைத்துச் சேரலாம். தமிழ் என்று மொழியையும் பதியச் சொல்லுங்கள். முறைப்பாடு எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால் எரிசக்திக் குறைகேள் அதிகாரியிடம் இலவசமாகப் போகலாம். நிறுவனம் தன் தவறால் பில் போடாமல் விட்ட பாவனைக்கு 12 மாதங்களுக்கு முந்திய தொகையைப் பின்னர் கேட்க முடியாது. கடைக்காரர்களே, கீயை நீட்டும் வயோதிபருக்கு இவற்றைத் தமிழில் சொல்வதற்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

மதிப்பிற்குரிய தலைமை அதிகாரி அவர்களே, அடுத்த ஒக்டோபர் 1ஆம் திகதிக்கு முன் குளிர்கால விதியைத் திருத்துங்கள். துண்டிப்பு என்பதற்குள் அணைந்து கிடக்கும் முற்பண மீற்றரையும் கொண்டுவாருங்கள். கோடை நாட்கட்டணத்தையும் பழைய கடன் தவணையையும் குளிர்கால மாதங்களில் மீற்றரிலிருந்து பிடிக்க விடாதீர்கள். ஒரு நாளுக்கு மேல் எத்தனை வீடுகளின் மீற்றர் அணைந்து கிடந்தது என்பதை ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரோடும், ஒக்டோபர் முதல் மார்ச் வரை மாதந்தோறும், வெளியிடுங்கள். எங்கள் வாசகர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து நிறுவனத்தை மாற்றிக்கொள்வார்கள்.

இந்த மடலின் ஆங்கில வடிவத்தையும் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். தங்கள் பதில் எத்தனை பக்கமாக இருந்தாலும், தமிழில் முழுமையாக இதே பக்கங்களில் வெளியிடுவோம்.

இவ்வண்ணம்,
ஆசிரியர் குழு